மணிக்கட்டிலிருந்து பதின்மூன்றரை சென்ரிமீற்றர்

சென்ற ஒக்ரோபர் மாதம் பதினான்காம் திகதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். இரவு பெய்த மழை விட்டிருந்தது. வானம் மூடிக்கிடந்தது, காற்று இல்லை. நெடுங்கேணியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவுவதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றியபோதுதான் அந்தப் பட்டையைக் கண்டேன்.

முதலில் கடிகார வாரின் தடம் என்று நினைத்தேன். வாரின் தடம் குறுக்கே கிடக்கும். இது நெடுக்கே கிடந்தது. இடக்கை மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாகத் தொடங்கி முழங்கையை நோக்கி ஏறியது. பழஞ்சோற்றுத் தண்ணீரின் நிறம். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சற்றுப் பதிந்திருந்தது. வெங்காயம் உரிக்கும்போது இடையில் ஒரு சவ்வு வருமே, தோல் அந்த அளவுக்கு மெலிந்து, கீழே ஓடும் நீல நரம்பைக் காட்டியது. அளவுநாடாவை எடுத்து வந்து அளந்தேன். நீளம் பதின்மூன்றரை சென்ரிமீற்றர். அகலம் குறைந்த இடத்தில் எட்டு மில்லிமீற்றர், கூடிய இடத்தில் பதினொன்று. பக்கத்தில் கிளைபோல இன்னொரு பட்டை, ஆறு சென்ரிமீற்றர். நோவும் இல்லை, அரிக்கும் கடியும் இல்லை.

என் வயது எழுபத்தொன்று. இடம்பெயர்ந்திருந்த காலத்தைக் கழித்தால் இருபத்தொன்பது வருடம் குளத்தின் நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் பார்த்துப் பதியும் வேலை செய்தவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சலரோகம் இருப்பதால் இரத்தத்தில் சீனியின் அளவு, பிறசர், மழை, விழுந்த தேங்காய், எல்லாம் என் கொப்பியில் இருக்கும். அன்றைய பக்கத்தில் இந்தப் பட்டையையும் எழுதிக்கொண்டேன். வெளிறிய தோல் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒன்றுதான்.

வீட்டில் நானும் மனைவி பரமேஸ்வரியும், மகன் கஜனும், மருமகள் தர்சினியும், அவர்களுடைய மகள் அக்சயாவும். பேத்திக்கு அப்போது ஏழு மாதம். தர்சினி முன்பள்ளியில் படிப்பிப்பவள். அவள் வரும்வரை பிள்ளை எங்களிடம். என்னைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவைக்குக் குறையாமல் தூக்குவேன். எண்ணியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தனியே போனேன். அங்கிருந்த இளம் டொக்டர் பஞ்சை உருட்டிப் பட்டையின்மேல் தொட்டுத் தொட்டு, “படுறது தெரியுதோ ஐயா?” என்று கேட்டார். பதினாறு தடவை தொட்டார், பதினாறும் தெரிந்தது.

“வவுனியாவிலை தோல் கிளினிக்குக்குத் துண்டு தாறன். குட்டம் எண்டு நான் சொல்லேல்லை. வெளிறின தோல் எண்டால் அதையும் சோதிச்சுப் பாக்கிறதுதான் முறை. பஞ்சு படுறது தெரியிறது நல்ல விசயம், பயப்பிடாதேங்கோ.”

அவர் சொன்னதில், தொழுநோயைக் குறிக்கும் அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் எனக்கென்று ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரு துவாய், ஒரு சவர்க்காரம். முழுக்கைச் சேட்டுத்தான் போட்டேன். பேத்தியைத் தூக்குவதை நிறுத்தினேன்.

“இஞ்சாருங்கோ, உதென்ன புதுப் பழக்கம்? கோப்பையைக் கழுவிக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலை வைக்கிறியள்?” என்று பரமேஸ் கேட்டாள்.

“சும்மா.”

“என்ரை சமையலோடை கோவமோ?”

“இல்லை.”

“அப்ப பிள்ளை கையை நீட்டுது, நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்.”

“நாரி பிடிச்சிருக்கு.”

அவள் அன்று பின்னேரமே நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து இடுப்புக்குப் பின்னால் நாரியில் தேய்த்துவிட்டாள். பிடிக்காத நாரிக்கு ஏழு நாள் எண்ணெய் தேய்த்தாள்.

நவம்பர் ஐந்தாம் திகதி, காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் புளியங்குளம் வழியாக வவுனியா பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். என் இலக்கம் எண்பத்திமூன்று. வாங்கில் நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருந்தேன். ஒரு வாங்குக்கு ஏழு பேர். நான் சுவரோரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு இருந்தேன். அந்த இடத்தில் ஒரு தாய் தன் பிள்ளையோடு வந்து இருந்துவிட்டாள். எழுந்து நின்றேன்.

தோல் வைத்திய நிபுணர் ஒரு பெண். நாற்பது வயது மதிக்கலாம். கையுறை போடாமல் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். “கையுறை இல்லை” என்று.

“இந்த இடத்திலை பூச்சு மருந்து ஏதும் பூசினீங்களோ? ஊசி ஏதும் போட்டீங்களோ?”

“இல்லை டொக்டர்,” என்றேன்.

பூச்சு மருந்து பூசவில்லை என்பது உண்மை. ஊசி போடவில்லை என்பது பொய்.

ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் பக்கத்தில் வாரம் ஒருநாள் திறக்கும் தனியார் கிளினிக்கில் இடக்கை மணிக்கட்டில் ஊசி போட்டுக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் பெருவிரலின் அடியில் நோ வந்திருந்தது. போத்தல் மூடிகூடத் திறக்க முடியவில்லை. தர்சினிக்குத் தெரிந்தால் பிள்ளையைத் தரமாட்டாள். அது ஒரு காரணம். மற்றது பரமேஸ். அதற்கு முந்திய வருடம் அவள் அதே இடத்தில் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தபோது, பேப்பர் படிக்கிற மனிதனின் பெண்சாதி ஊசிக்கு ஓடுவதா என்று வீட்டைக் கூட்டிக் கத்தியவன் நான். அப்படிக் கத்தியவன் அதே கதிரையில் போய்க் கையை நீட்டினேன் என்று எப்படிச் சொல்வது? ஊசி போட்ட மூன்றாம் நாள் நோ பறந்துவிட்டது. கொப்பியில் எழுதவில்லை. இருபது வருடக் கொப்பியில் நான் எழுதாமல் விட்ட வரி அது ஒன்றுதான். இரண்டு மாதம் கழித்து வந்த பட்டைக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

ஆகவே டொக்டர் மற்றக் காரணங்களைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு காதுச் சோணையிலும் பட்டையிலும் சின்னதாகக் கீறி, கசிந்த நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார்கள். தொழுநோய்க் கிருமி இருந்தால் நுணுக்குக்காட்டியில் தெரியும் என்றார்கள். எறும்பு கடித்த அளவுதான் நோகும். உடம்பு தன் தோலையே பகையென்று எண்ணித் தாக்குகிற வருத்தங்கள் சில உண்டாம். அவற்றிலும் தோல் இப்படிப் பட்டையாக மெலியும். அதற்கு ஓர் இரத்தச் சோதனை. பொறுத்திருந்தால் சும்மா செய்திருப்பார்கள். பதற்றத்தில் வெளியே காசு கொடுத்துச் செய்வித்தேன், ஆறாயிரத்து எண்ணூறு ரூபா. எல்லா முடிவுகளோடும் டிசம்பர் பதினேழாம் திகதி வரச் சொன்னார்கள். தேவையானால் அதன் பிறகு தோலில் ஒரு துண்டு வெட்டிச் சோதிப்பது.

ஆறு வாரம். குளம் நிரம்பி வான் பாயும் நேரத்தில்கூட நான் இவ்வளவு பதறியதில்லை. தொழுநோயில் தோல் மரத்துப் போகும் என்று அறிந்திருந்தேன். நாமே சோதித்தால் என்ன என்று தோன்றியது. நவம்பர் ஆறாம் திகதி தொடங்கி, தினமும் குளித்த பின் கண்ணை மூடிக்கொண்டு தையல் ஊசியால் பட்டையில் இருபது தடவை குத்தினேன். குத்துவது தெரிந்தால் ஒரு புள்ளி. ஒவ்வொரு நாளும் இருபதுக்கு இருபது. நவம்பர் இருபத்தேழாம் திகதி பத்தொன்பது. அந்த ஒரு குத்து ஏன் தெரியவில்லை என்று அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து நாற்பது தடவை குத்தினேன்.

மெலிந்த தோல், சீனி வருத்தக்காரன், துணியில் துடைத்த ஊசி. கணக்குத் தெரிந்த எவனும் கூட்டிப் பார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை.

டிசம்பர் பதினோராம் திகதி விடியும்போது கை முழங்கைவரை வீங்கிச் சிவந்து, சேட்டுக் கை இறுகிப்போயிருந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. பரமேஸ் கத்தரிக்கோலால் சேட்டை வெட்டித் திறந்தாள்.

“ஐயோ, உதென்ன கோடு? உதென்ன புள்ளி புள்ளியா?”

கஜன் ஓட்டோ பிடித்தான். அடைமழை. வவுனியாவரை ஆறாயிரத்து ஐந்நூறு. பரமேஸ் என் கையைத் தன் மடியில் துவாய் விரித்து அதில் வைத்துப் பிடித்திருந்தாள்.

“தொடாதையப்பா. அது குட்டமாயிருக்கலாம்,” என்றேன். இரண்டு மாதத்தில் முதல் தடவை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். முன்னால் இருந்த கஜன் திரும்பிப் பார்த்தான்.

பரமேஸ் துவாயின் நுனியை என் கையின்மேல் இழுத்து மூடினாள். பிறகு, “அதுக்குத்தானோ கோப்பை அலுமாரிக்கு மேலை போனது?” என்றாள்.

“ஓம்.”

“நாப்பத்தாறு வருசமா ஒரு கிணத்துத் தண்ணி குடிக்கிறம். வாறதெண்டால் எனக்கு எப்பவோ வந்திருக்கும். கையை ஆட்டாமல் இருங்கோ.” சிறிது நேரம் கழித்து, தனக்குள் சொல்வதுபோல, “நான் நல்லெண்ணெய் ஒரு போத்தல் முடிச்சன்,” என்றாள்.

வாட்டில் சேர்த்தார்கள். தோலுக்குக் கீழே கிருமி புகுந்து பரவியிருக்கிறது, நாளம் வழியாக மருந்து ஏற்ற வேண்டும், ஒரு கிழமையாவது இருக்க வேண்டும் என்றார்கள். சீனி முந்நூற்றுப் பதினெட்டு. சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனையால் கையைச் சுற்றிக் கோடு கீறினார்கள். கோட்டைத் தாண்டினால் சொல்லச் சொன்னார்கள். இந்த வேலைக்கு அவர்கள் என்னைவிடச் சிறந்த ஆளைத் தேடியிருக்க முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவு பாறூக் நானா. துணி வியாபாரி. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். கால்விரலில் சீனிப் புண்.

“ஐயா, சேலைன் சொட்டையும் எண்ணுறீங்க போல?”

“நிமிசத்துக்கு இருபத்தெட்டு. அவை சொன்னது முப்பது.”

“மிஸ்கிட்டச் சொல்லி அந்த ரெண்டையும் வாங்கித் தாறன், படுங்க.”

மாலையில் அவருடைய மனைவி றொட்டி கொண்டுவந்தார். பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“நானா, கிட்ட வராதேங்கோ. எனக்குக் குட்டமோ எண்டு சோதிச்சுக்கொண்டிருக்கினம்.”

அவர் றொட்டியை என் கோப்பையில் வைத்தார். அதிலிருந்தே ஒரு துண்டைக் கிள்ளித் தன் வாயில் போட்டார். “என்ட சாச்சாக்கு அது வந்தது. ஆறு மாசம் குளிசை, காசில்லை, அரசாங்கம் குடுக்கும். சுகமாகி ரெண்டாம் கலியாணமும் கட்டினார். அந்த ரெண்டாவதுதான் அவருக்குச் சுகமில்லாமப் போச்சு.”

இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் சிரித்தது அதற்குத்தான்.

டிசம்பர் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே காலுக்குத் தோல் டொக்டர் வாட்டுக்கு வந்தார். சிவப்பு, பேனைக் கோட்டுக்குக் கீழே மூன்று சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. பரமேஸ் கட்டிலின் மறுபக்கம் நின்று பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கொப்பியை நீட்டினேன்.

டொக்டர் பக்கங்களைப் புரட்டினார். “உந்தப் புள்ளிகளென்ன ஐயா?”

“ஊசியாலை குத்திப் பாத்தது. மரத்துப்போச்சோ எண்டு. மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது தரம்.”

அவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார். “தொள்ளாயிரத்து அறுபதும் தெரிஞ்சதோ?”

“ஒண்டு தெரியேல்லை.”

“அந்த ஒண்டுக்கு இவ்வளவு பாடு.” கொப்பியை மூடினார். “காதுச் சோதினை நேற்றே வந்திட்டுது. கிருமி இல்லை. ரத்தச் சோதினையிலும் ஒண்டுமில்லை. ஆனா எனக்கு விடை வரேல்லை. திருப்பியும் கேக்கிறன். இந்த மணிக்கட்டுப் பக்கம் ஊசி ஏதும் போட்டனீங்களோ?”

கிருமி இல்லை என்ற சொல்லிலேயே நான் நின்றிருந்தேன். ஆனாலும் வாய் தன் பழக்கத்தில் சொன்னது: “இல்லை டொக்டர். போட்டிருந்தால் கொப்பியிலை இருக்கும்.”

“போட்டவர்தான், டொக்டர்,” என்றாள் பரமேஸ். திரும்பவில்லை. தேத்தண்ணீர் ஊற்றியபடியே சொன்னாள். “ஓகஸ்ட் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்குப் போட்டு வாறன் எண்டு போனவர். சந்தையாலை ஒரு கத்தரிக்காய்கூட வரேல்லை. சேட்டைத் தோய்க்கேக்கை கைமடிப்புக்குள்ளை பிளாஸ்டர் ஒட்டிக்கிடந்தது. பஞ்சிலை ஒரு பொட்டு ரத்தம்.”

“தெரிஞ்சுகொண்டு ஏனம்மா சொல்லேல்லை?”

“அவரே சொல்லட்டும் எண்டு இருந்தனான். எனக்கு முழங்காலுக்குப் போட்டதை மூண்டு மாசம் சொல்லிக் காட்டினவர், டொக்டர். ‘ஊசிக்காரி’ எண்டு பேரும் வைச்சவர். இந்தக் கோட்டை நான் புதன்கிழமைதானே கண்டனான். உதுக்கும் அதுக்கும் முடிச்சு இருக்குமெண்டு எனக்கென்ன தெரியும்?”

பாறூக் நானாவின் கட்டில் குலுங்கியது. போர்வையை முகத்தில் இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அவருடைய முகம் தெளிந்துவிட்டதைக் கண்டேன்.

அவர் விளக்கியதை விளங்கியவரையில் எழுதுகிறேன். நோவுக்குப் போடும் அந்த ஊசியில் இருப்பது ஸ்டீரொயிட் மருந்து. அது போட்ட இடத்திலேயே மெல்லக் கரைய வேண்டும். மிகச் சிலருக்கு, மருந்து மேல்தோலுக்குக் கிட்டத் தங்கி, நிணநீர் ஓடும் மெல்லிய குழாய் வழியே மேலே ஏறும். போகும் வழியெல்லாம் தோலின் நிறத்தையும் அதன் கீழிருக்கும் கொழுப்பையும் குறைத்துக்கொண்டு போகும். அதனால்தான் வட்டமாக இல்லாமல் பட்டையாக வந்தது. சில கிழமை கழித்தே தெரியும். ஊசி போட்டவரின் பிழை என்று சொல்ல முடியாது, முறையாகப் போட்டாலும் வரலாம். ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தனக்கு இது இரண்டாவது ஆள் என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. வரம்புக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் எலிவளை கண்டு பக்கத்து வயலுக்குப் போவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்.

“மருந்து?”

“பொறுமைதான். பெரும்பாலும் ஒரு வருசத்துக்குள்ளை தானாகவே நிறம் திரும்பும், தோலும் தடிக்கும். வெயில் படாமல் மூடுங்கோ, அந்த இடத்திலை காயம் படக்கூடாது. சீனியைக் கட்டுப்படுத்துங்கோ. தையல் ஊசியை அம்மாட்டைக் குடுங்கோ.”

“பேத்தியைத் தூக்கலாமோ?”

“கை ஆறினாப்பிறகு. ஒரு நாளைக்கு மூண்டு தரம். கூடினால் பழைய நோ திரும்பி வரும், நீங்கள் திரும்பி ஊசிக்குப் போவியள்.”

டொக்டர் போன பிறகு பரமேஸ் தேத்தண்ணீரை என் வலக்கையில் தந்தாள். கொப்பியையும் பேனையையும் மடியில் வைத்தாள். “ஓகஸ்ட் பதினெட்டைத் திறந்து எழுதுங்கோ,” என்றாள். இரண்டு வரிகளுக்கிடையில் இடம் கண்டுபிடித்துச் சிறிய எழுத்தில் எழுதினேன். அவள் நின்று பார்த்தாள்.

டிசம்பர் பதினேழாம் திகதி வீட்டுக்கு வந்தேன். பிள்ளையைத் தூக்காமல் விட்டு அறுபத்திரண்டு நாள். என்னைக் கதிரையில் இருத்தி, தர்சினி பிள்ளையை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். “மாமா, எங்களிட்டைச் சொல்லியிருக்கலாம்தானே,” என்றாள். அக்சயா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். நான் இரண்டு மாதம் அவளுக்குக் காட்டிக் கொடுத்தது அதைத்தானே. நான்கு நிமிடம் அப்படியே இருந்தாள். பிறகு கடிகாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

இதை எழுதும் இன்று ஜூன் எட்டாம் திகதி, காலை பத்து மணி, நல்ல வெயில், மேற்கிலிருந்து கச்சான் காற்று. பெரிய பட்டை ஒன்பதரை சென்ரிமீற்றராகக் குறுகியிருக்கிறது. அதற்குள்ளும் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவு நிறப்புள்ளிகள் முளைத்திருக்கின்றன. நேற்று பதினேழு, இன்று பத்தொன்பது. சின்னப் பட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்சயா நடக்கிறாள். கையில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பாள், எனக்குக் கூச்சமாக இருக்கும். கூசுவது நல்ல விசயம்.

உங்களுக்கும் இப்படி ஒரு பட்டை வந்தால் முதலில் டொக்டரிடம் போங்கள். போட்ட ஊசி, பூசிய களிம்பு, தின்ற குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெட்கப்படுவதற்கு ஆஸ்பத்திரி நல்ல இடமில்லை. சொல்ல முடியாவிட்டால் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கொப்பி இப்போது மாலையில் பரமேஸின் கைக்குப் போய்த்தான் திரும்புகிறது. நேற்றுப் பேத்தியைத் தூக்கியது மூன்று தடவை என்று எழுதியிருந்தேன். அவள் அதைக் கோடு போட்டு வெட்டி, ஐந்து என்று திருத்தியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் இந்த வருத்தத்துக்கான செலவை, ஓட்டோ, பஸ், வெளியில் செய்வித்த இரத்தச் சோதனை, கட்டுத் துணி, சாப்பாடு, பிளாஸ்க் எல்லாவற்றையும் கூட்டி, இருபத்தெண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது என்று முடித்திருந்தேன். ஊசியின் இரண்டாயிரத்து ஐந்நூறு எங்கே என்று கேட்டாள். சேர்த்துவிட்டேன். மொத்தம் ரூபா முப்பத்தோராயிரத்து நானூற்று நாற்பது.